முப்பதாவது தட்டு

போன வாரம் என் தங்கச்சி கைப்பேசியைக் கொண்டுவந்து என் மடியில் போட்டாள். அவள் பேத்தி கோடை முகாமுக்குப் போகிறாளாம், ஐந்து நாள், மதுரைக்கு அந்தப் பக்கம். அதற்கு ஒரு படிவம் நிரப்ப வேண்டுமாம். "எனக்கு எழுத்தெல்லாம் பொடிப்பொடியாத் தெரியுது, நீயே பாத்து எழுது" என்றாள். தபாலாபீஸில் ஆயுசு பூராவும் படிவத்தோடு மல்லுக்கட்டியவள் நான். ஓய்வு பெற்ற பிறகும் விடமாட்டேன் என்கிறார்கள்.

பிள்ளைக்கு எது ஒத்துக்கொள்ளாது, இரத்தம் என்ன வகை, அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது, அவர் எடுக்காவிட்டால் வேறு யாரைக் கூப்பிடுவது என்று கேள்விமேல் கேள்வி. ஒவ்வொன்றாக நிரப்பிக்கொண்டே வந்தேன். "நீச்சல் தெரியுமா?" என்ற இடம் வந்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எதிரே உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்த தங்கச்சி, என்ன கேள்வி என்று கேட்காமலேயே தானும் சிரித்தாள்.

என் வயதுக்காரர்களே, நம்மையெல்லாம் எந்தப் படிவமும் இல்லாமல்தான் வளர்த்தார்கள், நாம் என்ன கெட்டா போனோம் என்று நெஞ்சை நிமிர்த்துகிறவர்கள் நம்மில் நிறையப் பேர் உண்டு. எனக்கு அந்தப் பெருமை கிடையாது. கேட்கட்டும், பத்து முறை கேட்கட்டும். நான் ஏன் இப்படிச் சொல்கிறேன் என்றால், நானும் ஒரு கோடை முகாமுக்குப் போனவள்தான்.

எனக்குப் பதினொன்று, தங்கச்சிக்கு எட்டு. அருப்புக்கோட்டையில் எங்கள் அப்பாவுக்கு மிளகாய் வத்தல் கமிஷன் கடை. கடைக்குப் பின்னால்தான் வீடு என்பதால் நாங்கள் தும்மிக்கொண்டேதான் வளர்ந்தோம். நாங்கள் படித்தது பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடம். அங்கே ஒரு டிரில் டீச்சர் இருந்தார். சேலைக்குக் கீழே வெள்ளைக் கேன்வாஸ் ஷூ போட்டிருப்பார், கழுத்தில் தாலிச் சங்கிலியோடு விசில் கயிறும் தொங்கும். அவர் எங்கோ வெளியூர்ப் பயிற்சிக்குப் போய்வந்து, பதினைந்து நாள் முகாம் நடத்தப்போகிறேன் என்று அறிவித்தார். எங்கே? பரளச்சியிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிற அவருடைய சொந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில். எப்போது? அக்கினி நட்சத்திரத்தில்.

கடைத்தெரு முழுக்க அதே பேச்சு. சித்திரை வெயிலில் கரிசல் காட்டுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போகிற ஆளை இப்போதுதான் பார்க்கிறோம் என்று அப்பா சிரித்தார். ஆனாலும் அனுப்பினார்கள். டீச்சர் காடுகரை உள்ள பெரிய குடும்பத்துப் பெண், அவுக அண்ணன் ஊரிலேயே இருக்காக, பயப்பட ஒன்றுமில்லை என்று அம்மாவே கடைசியில் சொல்லிவிட்டாள். தங்கச்சியையும் சேர்த்து முப்பது பிள்ளைகள். அவளுக்கு வயது போதாது. அக்கா போனால் நானும் போவேன் என்று உருண்டு புரண்டு அழுததில் சேர்த்துக்கொண்டார்கள்.

கிளம்புகிற அன்று அம்மா செய்த ஏற்பாடுகளைச் சொன்னால் இந்தக் காலத்துப் பிள்ளைகள் நம்பமாட்டார்கள். வெயில் தாக்காமல் இருக்க ஆளுக்கு நாலு சின்ன வெங்காயத்தைத் துணியில் முடிந்து பாவாடையில் செருகிவிட்டாள். அம்மை வராமல் இருக்க வேப்பிலை. பிள்ளை பிடிக்கிறவன் சாக்கோடு வருவான், மிட்டாய் கொடுத்தால் வாங்கக் கூடாது. பாம்பைப் பார்த்தால் ஓடக் கூடாது. எல்லாம் முடிந்து பஸ்ஸில் ஏறும்போது என் கையில் தங்கச்சியின் கையைப் பிடித்துக் கொடுத்து, "இவள நீதான் பாத்துக்கிறணும்" என்றாள். கிணற்றைப் பற்றி அம்மா ஒரு வார்த்தை சொல்லவில்லை. டவுனில் எங்கள் தெருவில் கிணறே கிடையாது.

ஆளுக்கொரு தட்டு கொண்டுவர வேண்டும் என்று டீச்சர் சொல்லியிருந்தார். எங்கள் ரெண்டு பேருக்கும் புது எவர்சில்வர் தட்டு. விளிம்பில் புள்ளி புள்ளியாகப் பேர் வெட்டியிருக்கும். பாத்திரக் கடைக்காரர் தங்கச்சி பேரில் ஒரு எழுத்தைக் கூடுதலாக வெட்டிவிட்டார். அதற்கு அவள் போகிற வழியெல்லாம் அழுதாள்.

பள்ளிக்கூடம் ஓடு போட்ட ரெண்டு அறை. முன்னால் ஒரு வேம்பு. பக்கத்தில் குடிதண்ணீர்க் கிணறு. சுற்றிலும் அறுவடை முடிந்து வெடித்துக் கிடக்கிற கரிசல். வெடிப்புக்குள் என் முழங்கை வரை போகும். அதில் குச்சியை விட்டு ஆழம் பார்ப்பதே எங்கள் முதல்நாள் விளையாட்டு. காலையில் மண் சில்லென்று இருக்கும், பத்து மணிக்குச் செருப்பில்லாமல் கால் வைக்க முடியாது. காய்ந்த பருத்திமார்க் குச்சி எரிகிற புகையும், அடுப்பில் கம்பங்கூழ் கொதிக்கிற வாசமும் சேர்ந்து வரும். அந்த வாசம் இப்போதும் எங்காவது வந்தால் எனக்குப் பசிக்கும்.

டீச்சருக்கு எங்களைப் பத்திரமாகத் திருப்பிக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும் என்பதே பெரிய கவலை. வந்த உடனே சுண்ணாம்புப் பொடியால் குடிதண்ணீர்க் கிணற்றைச் சுற்றி வட்டமாக ஒரு வெள்ளைக்கோடு போட்டார். அதைத் தாண்டினால் மறுநாளே பஸ் ஏற்றிவிடுவேன் என்றார். ஒரு விசில் அடித்தால் அப்படியே நிற்க வேண்டும். ரெண்டு விசில் அடித்தால் அறைக்குள் ஓட வேண்டும். மூன்று விசில் அடித்தால் வேம்படியில் வரிசையாக நிற்க வேண்டும். ரெண்டாம் நாள் சாக்குமூட்டையோடு ஒரு ஆள் வந்தார். டீச்சர் ரெண்டு விசில் அடித்துவிட்டார். நாங்கள் உள்ளே ஓடிக் கதவைச் சாத்தி, ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தோம். அந்த மனிதர் கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்துகொண்டு நின்றுவிட்டுப் போய்விட்டார். பிற்பாடு விசாரித்தால், டீச்சரின் அண்ணன்தான் பிள்ளைகளுக்கு நுங்கு கொடுத்துவிட்டு வரச் சொல்லி அனுப்பியிருக்கிறார். போன நுங்கு போனதுதான்.

இனி சின்னம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். முகாமுக்குச் சமைக்க வந்தவர், அந்த ஊர்க்காரர், கணீரென்ற குரல். நாங்கள் எல்லோரும் சின்னம்மா என்றுதான் கூப்பிட்டோம். முதல்நாள் சாயங்காலம் டீச்சர் எங்களை வரிசையில் நிறுத்தி, ஒவ்வொரு தலையாகத் தொட்டு எண்ண ஆரம்பித்தார். ஆறோ ஏழோ எண்ணியிருப்பார். அடுப்படியிலிருந்து சின்னம்மா அகப்பையோடு வந்து நடுவில் நின்றுவிட்டார்.

"டீச்சரம்மா, ஆடு மாட்ட எண்ணுங்க, மூட்டைய எண்ணுங்க. பிள்ளைகள எண்ணாதீக."

பிள்ளைகளைத் தலை எண்ணினால் கண் பட்டுவிடும், எண்ணிக்கை குறைந்துபோகும் என்பது அவர் நம்பிக்கை. டீச்சர் படித்தவர், சிரித்துப் பார்த்தார், அதட்டிப் பார்த்தார். சின்னம்மா அசையவில்லை. எண்ணின பிள்ளைகளுக்கு நான் சோறு பொங்க மாட்டேன் என்று முந்தானையை உதறிக்கொண்டு கிளம்பிவிட்டார். அந்த ஊரில் முப்பது பேருக்கு வடிக்க வேறு ஆள் கிடையாது. கடைசியில் ஒரு உடன்பாட்டுக்கு வந்தார்கள். பிள்ளைகளை எண்ண வேண்டாம், தட்டை எண்ணுவது. சாப்பிட்டு முடித்து அவரவர் தட்டை அவரவர் கழுவி, அடுப்படித் திண்டில் கவிழ்த்து வைக்க வேண்டும். சின்னம்மா எண்ணுவார். முப்பது தட்டும் இருந்தால் முப்பது பிள்ளையும் இருக்கு என்று அர்த்தம். டீச்சருக்கும் இது பிடித்துவிட்டது. தன் நோட்டில், தட்டு முப்பது என்று மூன்று வேளையும் எழுதிக்கொண்டார்.

களத்தில் தானியம் அளக்கிறவர்களைப் போலத்தான் சின்னம்மா எண்ணுவார். முதல் தட்டுக்கு ஒன்று என்று சொல்லமாட்டார், லாபம் என்பார். லாபம், ரெண்டு, மூணு என்று போகும். எங்கள் கடையிலும் அப்படித்தான் எண்ணுவார்கள். வீட்டு ஞாபகம் வந்து அழுகை முட்டிய முதல் ரெண்டு நாளும் அந்த லாபத்தைக் கேட்டுத்தான் நான் தேறினேன்.

இதில் இருந்த ஓட்டையைப் பெரியவர்கள் யாரும் பார்க்கவில்லை. நாங்கள் மூன்றாம் நாளே பார்த்துவிட்டோம். தட்டு இருந்தால் போதும், ஆள் இருக்க வேண்டியதில்லை.

சின்னம்மாவுக்கு என் வயதில் ஒரு மகள். தண்ணீர் சுமக்க வருவாள். வந்த அன்றே சுண்ணாம்புக் கோட்டைப் பார்த்து, "கோட்டத் தாண்டித் தண்ணி வெளிய வராதாக்கும்?" என்று கேட்டுவிட்டுக் குடத்தை வைத்துவிட்டுச் சிரித்தாள். அவளை ஆறு வயதிலேயே முதுகில் மிதக்கிற சுரைக்குடுக்கையைக் கட்டிக் கிணற்றில் தூக்கிப் போட்டுவிட்டார்களாம். நீச்சல் தெரியாத பிள்ளை உண்டு என்பதையே அவள் எங்களைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள். அவள் பார்வையில் நாங்கள் முப்பது பேரும் ஏதோ குறையோடு பிறந்தவர்கள்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. ரெண்டு கூப்பிடு தூரத்தில் டீச்சர் அண்ணனின் தோட்டக் கிணறு. படி வைத்த பெரிய கிணறு, பக்கத்தில் மோட்டார் ரூம். வெள்ளைக்கோடு அங்கே கிடையாது. பிள்ளைகள் அவ்வளவு தூரம் போவார்கள் என்று டீச்சர் நினைத்திருக்கவில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ரெண்டு மணி நேரம் எல்லோரும் பாயில் படுக்க வேண்டும். அந்த நேரத்தில் நான் சின்னம்மா மகளோடு தோட்டத்துக்குப் போய்விடுவேன். என் தட்டையும் சேர்த்துக் கழுவிக் கவிழ்ப்பது தங்கச்சியின் வேலை. அதற்குக் கூலியாக, வீட்டிலிருந்து கொண்டுவந்த கருப்பட்டி மிட்டாயில் என் பங்கையும் அவளுக்கே கொடுத்துவிட்டேன். அவள் தலையணைக்கடியில் வைத்து எறும்புக்கும் கொஞ்சம் கொடுத்தாள்.

முதல்நாள் தண்ணீர் மூக்கில் ஏறி, செத்தேன் என்று நினைத்தேன். நாலாம் நாள் குடுக்கை இல்லாமல் ஒரு சுவரிலிருந்து மறு சுவருக்குப் போனேன். அந்தச் சந்தோஷத்தை எப்படிச் சொல்வது? மேலே வட்டமாக வானம், காதுக்குள் தண்ணீர், உடம்பு முழுக்கக் குளிர்ச்சி. வெளியே ஊரே வெயிலில் வெந்துகொண்டிருக்கிறது, நான் மட்டும் தப்பித்துவிட்டேன்.

பத்தாவது நாள் தங்கச்சி தானும் வருவேன் என்று பிடிவாதம் பிடித்தாள். மிட்டாய் தீர்ந்துவிட்டது, வேறென்ன. நான் பெரிய மனுஷி மாதிரி அவளை அதட்டினேன். சின்னப் பிள்ளைகள் கிணற்றுப் பக்கம் வரக் கூடாது, வந்தால் அம்மாவிடம் சொல்லிவிடுவேன் என்றேன். அதைச் சொல்ல எனக்குக் கொஞ்சமும் வெட்கமாக இல்லை. ரெண்டு தட்டையும் அவள் கையில் திணித்துவிட்டுப் போய்விட்டேன்.

அன்றைக்கு நாங்கள் கிணற்றுக்குப் போகவே இல்லை. வழியில் சின்னம்மா மகளுக்கு நுங்கு ஆசை வந்துவிட்டது. பனங்காட்டுப் பக்கம் திரும்பி, அவளுக்குத் தெரிந்த ஒரு பனையேறித் தாத்தா வெட்டிப் போட்ட நுங்கைக் கட்டைவிரலால் நோண்டி நோண்டித் தின்றோம். முதல் வாரம் விசில் அடித்து விரட்டிய நுங்குக்கும் சேர்த்துத் தின்றேன். திரும்பி வந்தபோது எல்லோரும் படுத்திருந்தார்கள். தங்கச்சியின் பாய் காலியாக இருந்தது.

பக்கத்துப் பாய்க்காரியை உலுக்கிக் கேட்டேன். "ஒன்னத் தேடித்தான் போனா" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். வேம்படியில் பார்த்தேன். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் பார்த்தேன். அடுப்படிக்கு வந்தால், டீச்சர் எழுந்து வந்து சின்னம்மாவிடம் கணக்குக் கேட்டுக்கொண்டிருந்தார். "முப்பதும் இருக்குங்க" என்றார் சின்னம்மா. டீச்சர் நோட்டில் எழுதிக்கொண்டார். திண்டில் கவிழ்ந்திருந்த தட்டுகளில் கடைசியாக இருந்தது தங்கச்சியின் தட்டு. கூடுதல் எழுத்தோடு அவள் பேர் வெயிலில் மின்னிக்கொண்டிருந்தது.

அந்தத் தட்டு பொய் சொல்கிறது என்பது அங்கே எனக்கு மட்டும்தான் தெரியும். அன்றைக்கு என் தலைமுடி காய்ந்தே இருந்தது. வாயைத் திறக்காமல் இருந்தால் நான் மாட்டிக்கொள்ள வழியே இல்லை. இப்போது வந்துவிடுவாள், அந்த மூலையிலிருந்து வந்துவிடுவாள் என்று ஒவ்வொரு மூலையாகப் பார்த்துக்கொண்டு வேப்பமரத்தைப் பிடித்தபடி நின்றேன். கால் மணி நேரம் இருக்கும். நான் கெட்டவள் என்று எனக்கு முதன்முதலாகத் தோன்றியது அப்போதுதான். பிறகு எத்தனையோ பேரிடம் இந்தக் கதையைச் சொல்லியிருக்கிறேன், இந்தக் கால் மணி நேரத்தை மட்டும் விட்டுவிட்டுத்தான் சொல்லியிருக்கிறேன்.

கடைசியில் அடுப்படிக்குப் போனேன். "சின்னம்மா, தட்டு இருக்கு. தங்கச்சி இல்ல" என்றேன்.

அவர் ஒரு கேள்வி கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார், தட்டுகளைப் பார்த்தார், டீச்சரை மூன்று விசில் அடிக்கச் சொன்னார். தூக்கக் கலக்கத்தோடு எல்லோரும் வேம்படியில் வரிசையாக வந்து நின்றோம். பிள்ளைகளை எண்ணினால் அகப்பையைப் போட்டுவிட்டுப் போய்விடுவேன் என்ற அதே சின்னம்மா, அடுப்புக்கரி ஒட்டிய கையை முதல் பிள்ளையின் தலைமேல் வைத்தார். லாபம். அடுத்த தலை. ரெண்டு. உதடு கோணியது, குரல் இறங்கிக்கொண்டே போனது, ஆனாலும் ஒரு தலையையும் விடவில்லை. கடைசியாக என் தலை. "இருபத்தொம்பது" என்று சொல்லிவிட்டுக் கையைத் தன் நெஞ்சில் வைத்துக்கொண்டார்.

டீச்சர் நேரே குடிதண்ணீர்க் கிணற்றுக்கு ஓடினார். தான் போட்ட கோட்டை மிதித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். யாரோ பக்கத்து வீட்டிலிருந்து பாதாளக் கொலுசை எடுத்து வந்தார்கள். வாளி விழுந்தால் கிணற்றில் போட்டுத் துழாவுகிற கொக்கிக் கொத்து அது. அதைப் பார்த்ததும், அங்கே இல்லை டீச்சர், தோட்டக் கிணறு என்று கத்தினேன். எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்க அவருக்கு நேரமில்லை. எல்லோரும் ஓடினோம்.

வண்டித்தடத்துப் புழுதியில் சின்னதாக ரப்பர்ச் செருப்புத் தடம் தெரிந்தது. அந்த ஊர்ப் பிள்ளைகள் யாரும் செருப்புப் போடுவதில்லை, அது டவுன் பிள்ளையின் காலடிதான் என்று சின்னம்மா மகள் சொல்லிக்கொண்டே முன்னால் ஓடினாள். தடம் நேராகத் தோட்டக் கிணற்றுக்குப் போனது. கிணற்று மேட்டில், விளிம்புக்கு ரெண்டடி தள்ளி, நீல வாரு வைத்த ரெண்டு சின்னச் செருப்பும் ஜோடி பிசகாமல் இருந்தன.

சின்னம்மா மகள் நின்றுகூடப் பார்க்கவில்லை, மேலேயிருந்து குதித்துவிட்டாள். நானும் குதித்தேன். எங்கிருந்து துணிச்சல் வந்தது என்று கேட்காதீர்கள், அது துணிச்சலே இல்லை. மேலே இருந்தால் எல்லோரும் என்னைப் பார்ப்பார்கள். முங்கினேன், கையால் துழாவினேன், பாசியும் கல்லும்தான் தட்டுப்பட்டன. மேலே வந்து மூச்சு வாங்கினேன், மறுபடி முங்கினேன். மேட்டில் டீச்சர் நின்றுகொண்டிருந்தார். பிள்ளைகளுக்குக் கபடியும் கயிறு தாண்டலும் சொல்லிக்கொடுத்த அவருக்கு நீச்சல் தெரியாது. என்ன செய்வதென்று தெரியாமல் விசிலை வாயில் வைத்து ஊதினார், ஊதினார், நிறுத்தவே இல்லை.

நான் நாலாவது தடவையோ ஐந்தாவது தடவையோ மேலே வந்தபோது விசில் நின்றிருந்தது. அண்ணாந்து பார்த்தேன். வானத்து வட்டத்தின் ஓரத்தில் ஒரு சின்னத் தலை எட்டிப் பார்த்தது.

"அக்கா, நீ ஏன் பாவாடையோட குளிக்கிற?"

நடந்தது இதுதான். என்னைத் தேடி வந்தவள், கிணற்றில் யாரும் இல்லாததால் காத்திருந்திருக்கிறாள். வெயில் சுட்டிருக்கிறது. மோட்டார் ரூம் கதவு திறந்திருந்தது. உள்ளே சுவரில் திருநீறும் குங்குமமும் வைத்த சாமி படம். எங்கள் வீட்டில் சாமி படம் இருக்கிற இடத்துக்குச் செருப்போடு போனால் முதுகில் ஒன்று விழும். அதனால் செருப்பை வெளியே ஒழுங்காகக் கழற்றி வைத்துவிட்டு, உள்ளே சிமிண்டுத் தரையின் குளிர்ச்சியில் படுத்துத் தூங்கிவிட்டாள். விசில் சத்தத்தில்தான் விழித்திருக்கிறாள். எத்தனை விசில் என்று எண்ண முடியாமல் குழம்பி, எதற்கும் இருக்கட்டும் என்று கதவடியில் விறைப்பாக நின்றிருக்கிறாள்.

படியேறி வந்ததும் டீச்சர் என்னை ஒரு அறை அறைந்தார். அந்த அறை எனக்கு வேண்டியிருந்தது. பிறகு அந்தப் புழுதியிலேயே உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதார். டீச்சர் அழுது நாங்கள் பார்த்ததில்லை. தங்கச்சிக்கு ஒன்றும் புரியவில்லை, அவர் முதுகைத் தடவிக்கொடுத்தாள். கொஞ்ச நேரம் கழித்து டீச்சர் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "நீ எப்பப் படிச்ச நீச்சல்?" என்று என்னைக் கேட்டார்.

பள்ளிக்கூடத்துக்கு வந்ததும் சின்னம்மா எங்களை மறுபடி வரிசையில் நிறுத்தினார். இந்தத் தடவை குரல் இறங்கவில்லை. லாபத்தில் ஆரம்பித்து ஒவ்வொரு தலையாக வந்தார். வரிசைக் கடைசியில் தங்கச்சி. அவள் தலையில் கையை வைத்து, "முப்பது" என்றார். சொன்ன பிறகும் கையை எடுக்கவில்லை. தங்கச்சி நெளிந்தாள், அப்போதும் எடுக்கவில்லை.

மிச்சமிருந்த நாட்களில் தினமும் மூன்று வேளையும் தலைதான் எண்ணினார். கண் படுமே என்று கேட்டதற்கு, அதற்கும் வழி வைத்திருந்தார். எண்ணி முடித்ததும் உப்பும் மிளகாய் வத்தலும் எங்களைச் சுற்றி அடுப்பில் போட்டுவிடுவார். நெடி ஏறி முப்பது பேரும் இருமுவோம். கடையில் வளர்ந்த எங்கள் ரெண்டு பேருக்கு மட்டும் அது சுகமாக இருக்கும்.

மறுநாள் காலையிலிருந்து தோட்டக் கிணற்றில் நீச்சல் வகுப்பு. ஊரில் இருந்த சுரைக்குடுக்கையெல்லாம் வந்து சேர்ந்தது. வாத்தியார் சின்னம்மாவின் மகள். டீச்சரைவிட அவள் அதட்டல் அதிகம். டீச்சரும் சேலையை வரிந்து கட்டி, முதுகில் குடுக்கையோடு இறங்கினார். கடைசிவரை அவருக்குச் சரியாக வரவில்லை. தங்கச்சிக்கு மூன்றே நாளில் வந்துவிட்டது, எரிச்சலாக இருந்தது. ஊர் திரும்பிய அன்று டீச்சர் எங்கள் வீடு தேடி வந்து நடந்ததை மறைக்காமல் அம்மாவிடம் சொன்னார். தப்பு என்னுடையது, தட்டை நம்பிவிட்டேன் என்றார். அம்மா காபி போட எழுந்து போனாள். இப்போது நினைத்தால், அப்படி வந்து சொல்ல எவ்வளவு மனசு வேண்டும் என்று படுகிறது.

டீச்சரும் இல்லை, சின்னம்மாவும் இல்லை. என் தட்டு எந்தக் கல்யாணத்திலோ கைமாறிப் போய்விட்டது. தங்கச்சியின் தட்டு அவள் வீட்டில் இருக்கிறது, அதில்தான் கீரை ஆய்வாள்.

நேற்றுக் காலையில் பேத்தியை முகாம் பஸ்ஸில் ஏற்றிவிட நாங்கள் ரெண்டு பேரும் போனோம். பிள்ளைகள் கையில் ஆளுக்கொரு மஞ்சள் பட்டை. ஒரு இளம்பெண் கைப்பேசியை ஒவ்வொரு பட்டைமேலும் காட்டிக்கொண்டே போனாள், ஒவ்வொரு முறையும் அது கூவியது. எனக்குத் திருப்தி இல்லை. பட்டை என்றால் என்ன, தட்டு என்றால் என்ன. பஸ்ஸுக்கு வெளியே நின்று ஒவ்வொரு ஜன்னலாகத் தலையைப் பார்த்து வாய்க்குள் எண்ணினேன். இருபத்திரெண்டு. அந்தப் பெண்ணைக் கூப்பிட்டுக் கேட்டேன், அவளும் இருபத்திரெண்டு என்றாள். நீங்கள் தலையையும் எண்ணுங்கள் கண்ணு என்றேன். அவள் சிரிக்கவில்லை, சரிங்கம்மா என்று ஏறிப்போய் எண்ணினாள். நல்ல பெண்.

பஸ் போன பிறகு நிழலில் உட்கார்ந்தோம். என்னவோ, அப்போது சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. அன்றைக்கு நான் உடனே போய்ச் சொல்லவில்லை, மாட்டிக்கொள்வேன் என்று பயந்து கால் மணி நேரம் மரத்தடியில் சும்மா நின்றேன் என்று அவளிடம் சொன்னேன்.

தங்கச்சி பஸ் போன ரோட்டைப் பார்த்தாள். "அந்தக் கால் மணி நேரமும் நான் நல்லாத் தூங்கிட்டு இருந்தேங்க்கா" என்றாள். "நீதான் இம்புட்டு வருசமா முழிச்சுக்கிட்டு இருந்திருக்க."

அவள் முழங்கையால் என்னை இடித்தாள்.

"எல்லாரையும் எண்ணுன. என்னைய எண்ணலியே?"

நரைத்துப்போன அவள் உச்சந்தலையில் கையை வைத்து, "இருபத்து மூணு" என்றேன். அவள் நெளியவில்லை. நானும் கையை எடுக்கவில்லை.